பள்ளியில் சமயக் கல்வி எதற்கு? சம்மதத் தாள் வந்திருக்கும் ஒரு தாய்க்குப் பதில்

சகோதரி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தொண்டிப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் உங்கள் மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். வாரம் ஒரு பீரியட் சமயக் கல்வி வைக்கப்போவதாகச் சொல்லி, பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு தாள் வந்திருக்கிறது. கணக்குக்கும் இங்கிலீஷுக்குமே நேரம் பற்றவில்லை, இது எதற்கு, வீட்டில் நாங்கள் சொல்லிக் கொடுப்பது போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே தெரிவது இந்தக் கேள்வி. அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: பள்ளிக்கூடம் என் பிள்ளையை வேறு பக்கம் இழுத்துவிடுமோ? நீங்கள் எந்தச் சமயம் என்று எழுதவில்லை. அதுவும் நல்லதுதான். இதே பயத்தோடு என்னிடம் வந்த பெற்றோரில் மூன்று சமயத்தாரும் இருந்தார்கள், சாமியே கிடையாது என்பவர்களும் இருந்தார்கள்.

நான் இந்தக் கடற்கரையில் பல வருஷம் சமூக அறிவியல் வாத்தியாராக இருந்தவன். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி இரண்டும் பார்த்தாயிற்று. பிற்பாடு ஆசிரியர் பயிற்சிகளில் வகுப்பு எடுத்தேன். வக்கீலும் இல்லை, மதகுருவும் இல்லை. ஆகவே சட்டத்தில் ஒரு வாத்தியார் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவுக்குத்தான் என்னால் சொல்ல முடியும். வகுப்பறையில் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் தைரியமாகவே சொல்லலாம்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம், அதில் பெரிய குழப்பம் இல்லை. அரசியலமைப்பின் 28ஆவது பிரிவுப்படி, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடவே கூடாது. சமய போதனை வேண்டும் என்ற நிபந்தனையோடு ஓர் அறக்கட்டளை தொடங்கிய பள்ளி, நிர்வாகத்துக்காக மட்டும் அரசு கைக்கு வந்திருந்தால் அதற்கு விலக்கு உண்டு. உங்கள் மகள் படிப்பதைப் போல அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் போதனையும் வழிபாடும் நடக்கலாம். ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. மேஜர் ஆகாத பிள்ளை என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். உங்கள் வீட்டுக்கு அந்தத் தாள் வந்த காரணம் இதுதான். உங்களைக் கேட்காமலே பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்திருந்தால் நீங்கள் கோபப்படலாம். கேட்டிருக்கிறார்கள் என்பது பள்ளிக்கு ஒரு நல்ல மார்க்.

இந்தப் பிரிவு எழுதப்பட்ட கதையும் உங்கள் கேள்விக்கு உதவும். 1948இல் அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, அரசுப் பள்ளியில் சமய போதனை ஏன் கூடாது என்பதற்கு அம்பேத்கர் காரணங்கள் சொன்னார். எல்லாருடைய வரிப்பணத்தையும் ஒரு சமயத்துக்குச் செலவழிக்க முடியாது. இத்தனை சமயங்கள் இருக்கும் நாட்டில் எல்லாவற்றையும் போதிக்க ஏற்பாடு செய்வதும் நடக்கிற காரியம் இல்லை. தன் வழி ஒன்றே மோட்சத்துக்கு வழி என்று சொல்லும் சமயங்களை ஒரே கூரையின் கீழ் போதித்தால் பள்ளியின் அமைதி கெடும். இவ்வளவும் சொன்னவர், கோட்பாட்டைப் போதிப்பது வேறு, சமயத்தை ஆராய்வதும் படிப்பதும் வேறு என்றும் தெளிவாகப் பிரித்தார். பிறகு மத்திய அரசின் கல்விக் குழுவான கோத்தாரி கமிஷன் (1964–66) அதே கோட்டைப் பள்ளிக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு பெரிய சமயத்தைப் பற்றியும் தேர்ந்தெடுத்த செய்திகளைப் பாடத்திட்டத்தில் சேர்க்கலாம் என்றது. 2000ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தை எதிர்த்துச் சமூக ஆர்வலர் அருணா ராய் தொடுத்த வழக்கில், சமயங்களைப் பற்றிப் படிப்பது 28ஆவது பிரிவுக்கு விரோதம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. பாடம் காவி பூசிக்கொள்ளுமோ என்ற பயம்தான் அந்த வழக்குக்குப் பின்னால் இருந்தது. நீதிமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது என்பதற்காக அந்தப் பயம் அர்த்தமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆக, பள்ளி எதைச் செய்யப்போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘இப்படித் தொழு’ என்று சொல்லும் வகுப்பா, ‘இவர்கள் இப்படித் தொழுகிறார்கள், அதன் காரணம் இது என்று அவர்கள் சொல்கிறார்கள்’ என்று சொல்லும் வகுப்பா? முதலாவதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன, நன்றாகவே நடக்கின்றன. இரண்டாவதைப் பற்றித்தான் இனி எழுதுகிறேன்.

அதற்கு முன், மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு காரணங்களைத் தள்ளிவைத்துவிடுகிறேன். சமயக் கல்வி இருந்தால் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் வரும் என்பது ஒன்று. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. பரீட்சையில் பிட் அடித்து மாட்டிய பையன்களில் விடியற்காலை மதரஸாவுக்குப் போகிறவனும் இருந்தான், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்விக்குப் போகிறவனும் இருந்தான், மார்கழியில் திருப்பாவை ஒப்பிக்கிறவனும் இருந்தான். எதுவும் படிக்காத, யாரையும் ஏமாற்றாத பிள்ளைகளும் இருந்தார்கள். ஒழுக்கம் வாத்தியார் நடப்பதைப் பார்த்து வருவது, வீட்டைப் பார்த்து வருவது. நீதிபோதனைப் பீரியட் என்று ஒன்று கால அட்டவணையில் இருந்த காலத்தில், அதைப் பாதி நாள் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார், மீதி நாள் பிள்ளைகள் மைதானத்தில் இருப்பார்கள்.

இன்னொன்று, பிள்ளைகள் தங்கள் சமயத்தை மறந்துவிடக் கூடாது என்பது. இந்தக் கரையில் அந்தக் கவலையே வேண்டாம். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளைகள் ஓதிவிட்டு வந்துவிடுகிறார்கள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் பூசை முடிந்ததும் மறைக்கல்வி நடக்கிறது. உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனத்துக்கும் ராமேஸ்வரம் ஆடித் திருக்கல்யாணத்துக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாத வீடு குறைவு. தன் சமயத்தைக் கற்றுத் தர வீடு இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, கோயில் இருக்கிறது. அதில் நீங்கள் சொல்வது முழுக்க சரி. போதும்.

ஆனால் உங்கள் மகள் பக்கத்து பெஞ்சுக்காரியின் சமயத்தை யாரிடம் கற்றுக்கொள்வாள்? நீங்கள் சொல்லித் தர மாட்டீர்கள், உங்களுக்கே முழுசாகத் தெரியாது. உங்கள் குருவோ ஆலிமோ பாதிரியாரோ சொல்லித் தந்தால் அது அவர் பார்வையில் இருக்கும், அது இயல்புதான். மிச்சம் இருப்பது ரீல்ஸும் வாட்ஸ்அப் ஃபார்வர்டும். மூன்று சமயப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் ஒரே இடம் பள்ளிக்கூடம். அடுத்த சமயத்தைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சமயத்துப் பிள்ளை எதிரில் உட்கார்ந்திருக்கிறாள் என்ற கூச்சம் வாத்தியாருக்கு இருக்கும். அந்தக் கூச்சம் பாடத்தை ஒழுங்கில் வைக்கிறது. இதுதான் என் முழு வாதம். மற்றதெல்லாம் இதற்கு உதாரணம்.

சேர்ந்து படிப்பதாலேயே தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் தெரியும். மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில் வரும் பையனை முஸ்லிம் பையன்களும் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள், அவன் முன்னால் கெட்ட வார்த்தை வராது. ரமலான் மாதம் நோன்பு வைத்த பிள்ளைகள் பி.டி. பீரியடில் வேப்ப மரத்தடியில் ஒதுங்கியிருப்பார்கள், மற்ற பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை அவர்கள் கண்ணில் படாமல் அந்தப் பக்கம் திரும்பிக் குடிப்பார்கள். இதையெல்லாம் யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனால் அதே பிள்ளைகளிடம், ‘அவன் ஏன் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கிறான்’, ‘அவள் ஏன் எச்சிலைக் கூட விழுங்கத் தயங்குகிறாள், அது தேவையா’ என்று கேட்டால் வருகிற பதில்கள் இருக்கிறதே! பாதி தப்பு, மீதி கேலி. மரியாதை இருக்கிறது, விவரம் இல்லை. ஊர் அமைதியாக இருக்கும்வரை மரியாதை போதும். ஏதாவது ஒரு வீடியோ சுற்றும் வாரத்தில் விவரம் இல்லாத குறை தெரிந்துவிடும்.

ஒரு பாடத்தை அப்படியே எடுத்துக் காட்டினால் சரியாக இருக்கும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல், அதில் வரிசையாக மணல் திட்டுகள். இந்தக் கரைப் பிள்ளை எதுவும் கேட்காமல் இருந்தாலும் இதைக் கேட்காமல் இருக்காது: ‘சார், பாலத்தை யார் கட்டினது?’ நான் முதலில் வகுப்பையே பேச விடுவேன். ஒருத்தி எழுந்து, ராமர் சேதுக்கரையிலிருந்து கட்டினார், நளன்தான் இன்ஜினியர், திருப்புல்லாணியில் ராமர் புல்லில் படுத்திருக்கிற சன்னதி இருக்கிறது என்பாள். இன்னொருத்தன், ஆதம் நபி சொர்க்கத்திலிருந்து இறங்கியது இலங்கையில், அங்கே மலையில் அவருடைய பாதம் இருக்கிறது, அவருடைய பிள்ளைகள் ஹாபில், காபில் இரண்டு பேரும் ராமேஸ்வரத்தில் அடங்கியிருக்கிறார்கள் என்பான். ராமேஸ்வரத்தில் அப்படி நம்பப்படும் தர்கா இருப்பது பல இந்துப் பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரியவரும். அதே மலைப் பாதத்தைப் பௌத்தர்கள் புத்தர் பாதம் என்கிறார்கள், சைவர்கள் சிவன் பாதம் என்கிறார்கள் என்று நான் சேர்த்துக்கொள்வேன். அப்புறம் கரும்பலகையில் படம் போட்டு, சுண்ணாம்புப் பாறை, பவளப் பாறை, நீரோட்டம் கொண்டுவந்து சேர்க்கும் மணல், பனியூழிக் காலத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்த செய்தி என்று புவியியலைச் சொல்வேன்.

இப்போது பலகையில் பல பதில்கள் இருக்கும். எது சரி என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். திட்டு எப்படி உருவானது என்பது ஒரு வகைக் கேள்வி, அதற்குப் புவியியல் பதில் சொல்லும், பரீட்சையில் அதைத்தான் எழுத வேண்டும். அந்த இடம் ஒரு பக்தருக்கு ஏன் புனிதம் என்பது வேறு கேள்வி, அதற்குப் பாறையைத் தட்டிப் பார்த்துப் பதில் கிடைக்காது. இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துக் கேட்க ஒரு பிள்ளை பழகிவிட்டால், ஒருவன் நம்பிக்கையை அறிவியல் என்று சொல்லி விற்கும்போது மாட்டாது, அடுத்தவர் நம்பிக்கையைப் பார்த்துச் சிரிக்கவும் செய்யாது. நான் எடுத்த பாடங்களிலேயே பிள்ளைகள் வீட்டுக்குப் போய் மறுபடி பேசிய பாடம் இதுதான். மறுநாள் ‘எங்க வாப்பா நீங்க சொன்னது சரிங்கிறாங்க சார்’ என்றோ, ‘எங்க தாத்தா ஒத்துக்கலை சார்’ என்றோ வருவார்கள்.

சரி, இது இனிப்பான பாடம். எல்லாம் இப்படி இருக்காது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஓரியூர் இருக்கிறது. ஜான் டி பிரிட்டோ என்ற போர்த்துக்கீசிய சேசு சபைத் துறவி, இங்கே அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு பண்டார சாமியார் கோலத்தில் ஊர் ஊராகப் போனவர், 1693 பிப்ரவரி 4ஆம் தேதி அங்கே வெட்டிக் கொல்லப்பட்டார். மறவர் குலத் தலைவரான தடியத் தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் அரசர் சேதுபதி வீட்டு உறவுக்காரப் பெண். புகார் அரண்மனைக்குப் போயிற்று, தண்டனை வந்தது. அப்போது அரசராக இருந்தவர் ரகுநாத கிழவன் சேதுபதி. கத்தோலிக்கத் திருச்சபை 1947இல் அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. ஓரியூர் செம்மண் அவர் ரத்தத்தால் சிவந்தது என்று பக்தர்கள் நம்பி, வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

இதே கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவராக இருந்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவர் ஆதரவில்தான் உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கினார். ஒரு கத்தோலிக்கப் பிள்ளைக்கு அந்த அரசர் துறவியைக் கொன்றவர், ஒரு முஸ்லிம் பிள்ளைக்கு வள்ளலின் நண்பர், ஒரு மறவர் வீட்டுப் பிள்ளைக்குத் தன் முன்னோர். மூன்று பேரும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். வாத்தியார் என்ன செய்வது? பலர் அந்தப் பக்கத்தையே தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் தாண்டக் கூடாது என்பேன். ஏனென்றால் பிள்ளைகள் இதைக் கேள்விப்படாமல் இருக்கப்போவதில்லை, ஒவ்வொருவரும் ஒரு பாதியைக் கேள்விப்படுவார்கள். வகுப்பில் மூன்று பாதிகளையும் (கணக்கு வாத்தியார் மன்னிக்க) பக்கத்தில் வைத்து, இதில் மதம் எவ்வளவு, அரண்மனைக் குடும்பக் கௌரவம் எவ்வளவு, விலக்கப்பட்ட பெண்களின் கதி என்ன ஆனது என்று கேட்கலாம். அந்தக் கடைசிக் கேள்வியை என் வகுப்பில் முதன்முதலில் கேட்டது ஒரு பெண் பிள்ளைதான். எந்த நோட்ஸிலும் அது இல்லை.

ஏர்வாடியும் அப்படித்தான். சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீது தர்காவுக்குச் சேதுபதிகள் மானியம் கொடுத்தது, சந்தனக்கூட்டுக்கு எல்லாச் சமயத்தாரும் கூடுவது, இதெல்லாம் சொல்ல வேண்டியது. 2001 ஆகஸ்டில் அங்கே தனியார் நடத்திய மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனதும் சொல்ல வேண்டியது. அதன் பிறகு சட்டமும் நீதிமன்றமும் தலையிட்டு அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. பிறகு துஆவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கிடைக்கும்படி தர்கா வளாகத்திலேயே மனநல சிகிச்சைக்கு ஏற்பாடு வந்தது. நம்பிக்கையைக் கைவிடாமலே சிகிச்சைக்கு ஒருவரை அழைத்துவர முடியும் என்பதற்கு இது நம் மாவட்டத்திலேயே இருக்கும் உதாரணம். சமயத்தின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டும் வகுப்பு எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் நிற்காது. அதுகளுக்கு எல்லாம் தெரியும்.

சாதியையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். 1939இல் மதுரையில் வைத்தியநாத ஐயர் ஆலயப் பிரவேசம் நடத்தும்வரை யார் கோயிலுக்கு வெளியே நின்றார்கள், 1947இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் ஏன் தேவைப்பட்டது, மதம் மாறிய பிறகும் சில தேவாலயங்களில், கல்லறைத் தோட்டங்களில் தடுப்பு ஏன் போகவில்லை என்பதெல்லாம் சமயப் பாடம்தான். பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் வராத சமயப் பாடம் தமிழ்நாட்டில் பாதிப் பாடம். சாமி இல்லை என்று வளர்க்கப்படும் பிள்ளையும் அந்த வகுப்பில் தலை நிமிர்ந்து உட்கார வேண்டும்.

இன்னொரு விஷயம், பலர் கவனிப்பதில்லை. சமயம் ஏற்கெனவே நம் பள்ளியில் பாடமாக இருக்கிறது, தமிழய்யா நடத்துகிறார். தேவாரம், திவ்வியப் பிரபந்தம், கம்பராமாயணம், மணிமேகலை, சீறாப்புராணம், தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம் எல்லாம் தமிழ்ப் பாடநூல்களில் மாறி மாறி வந்துகொண்டேதான் இருக்கின்றன. பேகம் என்ற பெயருள்ள பிள்ளை பெருமாள் பாசுரத்தை மனப்பாடப் பகுதியாக ஒப்பிக்கிறது, குங்குமம் வைத்த பிள்ளை நபிகள் வரலாற்றுக்குச் சொற்பொருள் எழுதுகிறது. எந்த வீட்டிலிருந்தும் சண்டை வந்ததாக நான் பார்த்ததில்லை. குறை ஒன்றுதான்: அசை, சீர், தளை, இலக்கணக்குறிப்பு என்று போய்விடுகிறது, பாட்டுக்குள் இருக்கிற நம்பிக்கையை யாரும் நின்று விளக்குவதில்லை. புதிய பீரியட் எதுவும் இல்லாமலே, தமிழய்யாவும் வரலாற்று ஆசிரியரும் இதற்கு வாரத்தில் கால் மணி நேரம் கொடுத்தால்கூட பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். தனிப் பீரியட் வேண்டுமா என்பதில் எனக்கே இரண்டு மனம்தான்.

இப்போது சந்தேகமான இடத்துக்கு வருகிறேன். இப்படிப் படித்தால் ஊரில் மதச் சண்டை வராது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். சண்டைக்கு நிலம், தேர்தல், தொழில் போட்டி என்று ஆயிரம் காரணம் இருக்கிறது, எந்த வகுப்பும் அதையெல்லாம் தடுக்காது. கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம், பிள்ளை தன் சமயத்தைத்தான் படிக்கும்: சைவப் பிள்ளைக்குச் சைவநெறிப் புத்தகம், மற்றவர்களுக்குப் பௌத்தம், இஸ்லாம், கத்தோலிக்கம் என்று தனித்தனி. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்து படித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு நாயன்மார் கதை நம் பிள்ளைகளைவிட நன்றாகத் தெரியும். நான் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அடுத்த சமயத்தைப் பற்றிக் கேட்டால் நம் ஊர் நிலைதான். அங்கே நடந்த போருக்குக் காரணம் வேறு, அதைச் சமயப் பாடத்தின் தலையில் கட்டுவது தவறு. அந்தப் பாடம் போரைத் தடுக்கவும் இல்லை, அதற்கு மேல் இதில் எதையும் ஏற்றிச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 1944 முதல் சமயக் கல்வி கட்டாயம், வேண்டாம் என்றால் பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். 1988 சட்டத்துக்குப் பிறகு அங்கே கிறிஸ்தவத்தோடு மற்றப் பெரிய சமயங்களும் பாடத்தில் வர வேண்டும். அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் பைபிள் வாசிப்பு வழிபாடாக நடக்கக் கூடாது, பாடமாகப் படிக்கலாம் என்று 1963இல் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக எல்லா நாட்டிலும் இதே தலைவலிதான்.

என் பெரிய கவலை பாடத்திட்டம் இல்லை, நடத்துகிறவர். அப்துல் கலாம் தம் சுயசரிதையில் ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் நடந்ததை எழுதியிருக்கிறார். ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஆசிரியர், தொப்பி போட்ட முஸ்லிம் பையன் பூணூல் போட்ட ராமநாத சாஸ்திரியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பொறுக்காமல் கலாமைப் பின் பெஞ்சுக்கு அனுப்பினார். ராமநாதனின் தகப்பனார் லட்சுமண சாஸ்திரி, கோயில் அர்ச்சகர், அந்த ஆசிரியரை வரவழைத்துக் கண்டித்தார். ஆசிரியரும் வருந்தித் திருந்தினார். மத நல்லிணக்கத்துக்கு இதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். பயிற்சிகளில் நான் வேறு காரணத்துக்காகச் சொல்வேன். அந்த வகுப்பில் சமயப் பாடம் எதுவும் நடக்கவில்லை, ஒரு பெஞ்சு மாற்றம்தான் நடந்தது. கலாம் பெரியவரான பிறகும் அதை மறக்கவில்லை. அப்படிப்பட்டவர் கையில் வாரம் ஒரு பீரியடைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பயிற்சி இல்லாத ஆசிரியரிடம் இந்தப் பாடம் போவதைவிட, பாடமே இல்லாமல் இருப்பது மேல் என்று தலைமையாசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகையால் கையெழுத்துப் போடுவதற்கு முன் பள்ளிக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பாடப் புத்தகமோ பாடக் குறிப்போ இருந்தால் காட்டச் சொல்லுங்கள். ஒரு சமயம் மட்டுமா, எல்லாமுமா என்பது அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பல உதவிபெறும் பள்ளிகளில் சொந்தச் சமயப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி அல்லது தீனியாத் (இஸ்லாமிய மார்க்கப் பாடம்), மற்றவர்களுக்கு நீதிபோதனை என்று பிரித்து வேறு வேறு அறையில் உட்கார வைப்பார்கள். அது சட்டப்படி சரியாக இருக்கலாம், ஆனால் நான் மேலே சொன்ன லாபம் எதுவும் அதில் கிடைக்காது. ஆகவே பிள்ளைகளைப் பிரிப்பீர்களா என்று கட்டாயம் கேளுங்கள். யார் நடத்துவார், ஜெபமோ பூஜையோ துஆவோ அந்த நேரத்தில் உண்டா, பங்கெடுக்காத பிள்ளை அந்த நேரம் எங்கே இருக்கும் என்றும் கேளுங்கள். ‘வராண்டாவில் நிற்கும்’ என்று பதில் வந்தால் அது சம்மதம் கேட்பதாகாது. மார்க் உண்டா என்று கேட்டு, உண்டு என்றால் எதற்கு மார்க் என்று கேளுங்கள். தெரிந்துகொண்டதற்கு மார்க் போடலாம், பக்திக்கு மார்க் போடக் கூடாது.

பதில்கள் திருப்தியாக இருந்தால் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். ஒரு மாதம் கழித்து மகளின் நோட்டை வாங்கிப் பாருங்கள். ‘முஸ்லிம்கள் இப்படி நம்புகிறார்கள்’, ‘கிறிஸ்தவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்’, ‘சைவர்கள் இப்படிக் கருதுகிறார்கள்’ என்று வாக்கியங்கள் இருந்தால் வகுப்பு சரியாகப் போகிறது. ‘நாம்’, ‘அவர்கள்’ என்று எழுத ஆரம்பித்திருந்தால் மறுநாளே போய்ப் பேசுங்கள். கொடுத்த சம்மதத்தை எழுத்தில் திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு என்பதுதான் என் புரிதல். அந்த ஒரு விஷயத்தை மட்டும் உங்களுக்குத் தெரிந்த வக்கீல் யாரிடமாவது உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கடிதம் கொடுத்தால் நகலில் பள்ளி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.